கழன்று வராத பாதி

நான் வேலை பார்த்த தடுப்பூசிக் கம்பெனிக்குப் போன மாதம் ஒரு புது மிஷின் வந்திருக்கிறது. அலுமினியக் கூழில் ஒட்டியிருக்கும் மருந்தைப் பிரித்தெடுக்காமல், ஒட்டியபடியே அளந்து சொல்லிவிடுமாம். ஒட்டியிருப்பது எவ்வளவு என்பதோடு, அது கெடாமல் இருக்கிறதா என்பதையும் சொல்லுமாம். காலையில் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் விடை வந்துவிடும். இப்போது அங்கே தரக்கட்டுப்பாட்டு லேபைக் கவனிக்கும் நந்தினிதான் போனில் சொன்னாள்.

"மல்லிகா மேடம், நம்ம பழைய மெத்தட எடுத்தர்றமுங்க. நீங்க அதுலயே இருந்தவங்க. புதுசா வந்திருக்கற புள்ளைங்களுக்கு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்களே."

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் விரல் மடங்கமாட்டேன் என்கிறது. வருஷக்கணக்காகப் பைப்பெட் என்கிற அளவுக் குழாயை அழுத்திய கட்டைவிரல் இப்போது பால் கவரைக் கிழிக்கக்கூட வலிக்கிறது. பழைய முறை போகிறதே என்று எனக்கு ஏக்கம் ஒன்றும் இல்லை. இந்த மிஷின் அன்றைக்கு இருந்திருந்தால் என்னோடு வேலை பார்த்த ராசம்மா அக்காவின் ஆடுகள் பிழைத்திருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி செய்தது ஆட்டுக்கான தடுப்பூசி. துள்ளுமாரி என்று ஒரு நோய் உண்டு. மழை பெய்து புதுப்புல் தழைத்ததும், வயிறு முட்ட மேய்ந்த ஆட்டின் குடலில் ஒரு கிருமி பெருகி விஷத்தை விடும். காலையில் நன்றாக இருந்த ஆடு சாயங்காலம் துள்ளி விழுந்து செத்துவிடும். வைத்தியம் பார்க்க நேரம் இருக்காது. மழைக்கு முன்னால் ஊசி போட்டிருந்தால் தப்பும். அந்த விஷத்தையே எடுத்து, அதன் கடுமையை முறித்து, அலுமினியம் ஹைட்ராக்சைடு என்கிற வெள்ளைக் கூழில் ஒட்டவைத்தால் அதுதான் தடுப்பூசி. கூழ் பார்ப்பதற்குச் சோற்றுக் கஞ்சி ஆறினது போல இருக்கும். அந்த விஷம் ஒரு புரதம். ஒட்டவைக்காமல் வெறும் புரதத்தைப் போட்டால் ஆட்டின் உடம்பு அதைக் கவனிக்காமலே கரைத்துவிடும். கூழில் ஒட்டியிருந்தால்தான் அங்கேயே தங்கி உடம்பை உசுப்பும்.

ஒட்டவைப்பது சுலபம். ஒட்டியது சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் நாங்கள் இருந்தோம்.

நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு முதலில் ஒரு சாயப்பட்டறை லேபில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் இருந்தேன். கல்யாணம் ஆனதும் அங்கேதான். என் வீட்டுக்காரர் பழனிச்சாமி வேறொரு பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தார். இந்தச் சமயத்தில் பனியன் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஒருவர் அவிநாசி போகிற வழியில் ஆட்டுத் தடுப்பூசிக் கம்பெனி ஆரம்பித்தார். ஊரே சிரித்தது. அவருடைய அம்மா வளர்த்த செம்மறிகள் ஒரே மழையில் மொத்தமாகப் போன கோபம் அவருக்கு. அவரை நாங்கள் முதலாளி என்றே சொல்வோம். அவர் கம்பெனி லேபில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவினேன், கரைசல் கலக்கினேன், தராசு துடைத்தேன். சொல்வதற்கு அதில் வேறொன்றும் இல்லை.

லேபின் தலைவர் தங்கையா சார். தூத்துக்குடிப் பக்கம். வந்த புதிதில் அவர் பேச்சு எங்களுக்குச் சுருக்கென்று தைக்கும். எங்கள் திருப்பூர், கடைக்காரர்கூடச் சின்னக் குழந்தையை "என்னுங்க வேணும்" என்று கேட்கிற ஊர். அவர் "ஏம்மா, இங்க வா" என்பார். பக்கத்து மேஜைப் பெண் ஒருத்தி அதற்காகவே வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். பழகப் பழகத்தான் அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதே இல்லை என்பது தெரிந்தது. முதலாளியிடமும் அதே குரல்தான், கூட்டுகிற அம்மாவிடமும் அதே குரல்தான்.

கிட்ட வந்தால் நம் முகத்தைப் பார்க்கமாட்டார். கையிலிருக்கும் குழாயைத்தான் பார்ப்பார். "சரியா இருக்குங்க சார்" என்று சொன்னால், "பாத்தியா, நெனச்சியா?" என்று கேட்பார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, எப்போது பார்த்தோம் என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். தன் குழாய்களைத் தானே கழுவுவார். நுரை என்றால் அவருக்கு ஆகாது. யாராவது குழாயைக் குலுக்கினால் வந்து கையிலிருந்து வாங்கி, தொட்டியில் கொட்டிவிட்டு, வெறும் குழாயைத் திருப்பிக் கொடுப்பார். நுரையின் மேல்பரப்பில் போய்ப் புரதம் உருவம் கெட்டுவிடும் என்பது காரணம். அதைக்கூட ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

நந்தினி கேட்டது முறையைப் பற்றி. அதையும் எழுதிவிடுகிறேன்.

மருந்துப் பாட்டிலை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும், அடியில் தங்கிய கூழ் முழுதும் எழும்பும் வரை. கொஞ்சம் எடுத்துச் சுழற்றும் மிஷினில் வைத்தால் கூழ் கீழே இறங்கி மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்த நீரில் புரதம் இருக்கக் கூடாது. இருந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம். பிறகு அந்தக் கூழின் மேல் பாஸ்பேட் கரைசலில் கலந்த சர்பாக்டன்ட்டை விட வேண்டும். சர்பாக்டன்ட் என்றால் சோப்பு ஜாதிதான். லேபில் நாங்கள் சோப்பு என்றே சொல்வோம். பாஸ்பேட் போய்க் கூழின்மேல் இடம் பிடிக்கும். சோப்பு புரதத்தைச் சூழ்ந்துகொண்டு இழுத்துவரும். உடம்புச் சூட்டில் வைத்து, தொட்டில் ஆட்டுகிற வேகத்தில் உருட்ட வேண்டும். மறுபடி சுழற்றினால் மேலே நிற்கும் நீரில் கழன்ற புரதம் இருக்கும். முயலின் ரத்தத்திலிருந்து எடுத்து வைத்திருக்கும் எதிர்ப்பு நீரோடு அதைச் சேர்த்து, எவ்வளவு அடையாளம் காணப்படுகிறது என்று அளக்க வேண்டும்.

இதில் சோப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் தலைவலி. சாதுவான சோப்பு புரதத்தின் உருவத்தைக் கெடுக்காது. ஆனால் எல்லாவற்றையும் கழற்றாது. முரட்டுச் சோப்பு முழுதும் கழற்றும். கழற்றும்போதே புரதத்தைப் பிரித்துப் போட்டுவிடும். பற்பசையில் நுரைக்காகப் போடுகிற சரக்கு அந்த முரட்டு ஜாதி. ஏசி அறையில் வைத்தால் வெள்ளை ஊசிகளாக உறைந்துவிடும். சோடியம் பாஸ்பேட்டுக்குப் பதிலாகப் பொட்டாசியம் பாஸ்பேட்டில் ஊற்றினால் தயிர் போலத் திரிந்துவிடும். நாங்கள் தினமும் பயன்படுத்தியது சாதுவான சோப்பைத்தான். புதிதாகச் செய்த மருந்தில் ஏறக்குறைய எல்லாமே அதில் கழன்று வந்துவிடும்.

ராசம்மா அக்காவின் ஆடுகள் போன அந்த வருஷம் திருப்பூரில் கழிவுநீர்ப் பிரச்சினையில் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தன. என் வீட்டுக்காரர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். கம்பெனியில் பாட்டிலில் அடைக்கும் மிஷின் பழுதாகி, அதற்கான பாகம் வெளியூரிலிருந்து வரத் தாமதமாகி, செய்து முடித்த ஒரு பெரிய பேட்ச் மருந்து குளிர் அறையிலேயே மாதக்கணக்கில் கிடந்தது. ஒரு வழியாக அடைத்து முடித்தபோது புரட்டாசி பிறக்கப் போகிறது. அனுப்புவதற்கு முன்னால் கடைசிப் பரிசோதனை என் மேஜைக்கு வந்தது.

பாதிதான் கழன்று வந்தது.

மறுபடி செய்தேன். சோப்பைப் புதிதாகக் கலக்கிச் செய்தேன். சார் தானே ஒரு தடவை செய்தார். பாதிக்குக் கொஞ்சம் மேலே, பாதிக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். செய்தபோது எடுத்த அளவில் புரதம் முழுதும் ஒட்டியிருந்தது. எங்கேயும் கசிந்து போகவில்லை. அப்படியானால் மீதிப் பாதி கூழில்தான் இருக்கிறது. இருந்துகொண்டு ஏன் வரவில்லை?

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் விசாரித்தார். சொன்னேன்.

"ஒட்டுனது வரலீன்னா நல்ல சோப்பாப் போட்டு ஒரு கொதி விடோணும். நாங்க துணில சாயம் ஓடாம இருக்கறதுக்கு அப்பிடித்தான் பண்ணுவோம்."

"உங்களுக்குத் துணிதானுங்க முக்கியம். கழண்டு வர்ற சாயத்தச் சாக்கடைல உட்டுருவீங்க. எங்களுக்குக் கழண்டு வர்றதுதான் வேணும், அதும் அடி படாம வேணும்."

"அப்ப செரி, எனக்குத் தெரியாத வேல அது" என்று சாப்பிட ஆரம்பித்தார். வேலையில்லாத நாட்களில் அவர் யாரோடும் வாதம் செய்வதில்லை.

மீதிப் பாதி கூழில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்ய, மறுநாள் சார் அதையேதான் செய்யச் சொன்னார். முரட்டுச் சோப்பை ஊற்றிச் சூடாக்கினோம். சுழற்றி எடுத்து, மொத்தப் புரதத்தை மட்டும் அளந்தால், முழுதும் வந்திருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. வழியில் முதலாளி எதிர்ப்பட்டுக் கேட்டபோது சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன். அவர் என் பின்னாலேயே லேபுக்குள் வந்துவிட்டார்.

"ஏனுங்க சார், சோப்ப மாத்துனதும் முழுசும் வந்திருச்சுங்களாமா. அப்பறம் என்னுங்க, அனுப்பிரலாமில்லீங்க?"

தங்கையா சார் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டுத் திரும்பினார். "வந்தது புரதம். அது மருந்தா இருக்கான்னு தெரியாது."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"உருவம் கெடாம இருந்தாத்தான் ஆட்டோட ஒடம்பு அத அடையாளம் கண்டுக்கிடும். இந்தச் சோப்பு அடிச்சுப் பிரிக்குது. நல்லா இருந்ததும் கெட்டுப்போனதும் இதுல ஒண்ணு போலத்தான் வரும். மத்த சோப்புல பாதிதான் வந்துச்சு. மீதி கெட்டுப்போயி ஒட்டிக்கிட்டு கெடக்கா, இல்ல நாளாவ நாளாவ இறுகிப்போயி நல்லாவே இருக்கா? ரெண்டு சோப்பும் அதச் சொல்லாது."

"பின்ன ஆருங்க சொல்லுவா?"

"முயல்தான் சொல்லணும். ஊசி போட்டு, இடைவெளி விட்டு மறுபடி போட்டு, ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்தார். "அதுக்குள்ள மழ வந்துருமுங்களே சார்."

"வந்துரும்."

"ஊரூரா போன் பண்றாங்க. என்னன்னு சொல்றதுங்க?"

"மருந்து இல்லன்னு சொல்லுங்க. வேற எங்கயாவது கெடச்சா போடச் சொல்லுங்க. கெடைக்கலன்னா ஆட்டக் கட்டிப்போட்டு காஞ்ச தீவனம் குடுக்கச் சொல்லுங்க."

"கட்டிப்போட்டுத் தீனி போடறதுக்கு ஊட்டுல ஆருங்க சார் இருக்கறாங்க? அல்லாரும்தான் பனியன் கம்பெனிக்கு வந்தர்றாங்களே."

முதலாளி நினைத்திருந்தால் அன்றைக்கே லாரியில் ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. "பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் லேப் பக்கம் அவர் வரவே இல்லை.

முயல்களைப் பார்த்துக்கொண்டது ராசம்மா அக்கா. அவிநாசிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். என்னைவிட வயதில் பெரியவர். வீட்டுக்காரர் இல்லை; ஒரே மகள் திருப்பூர் மண்ணரையில் பனியன் தைக்கிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். முயல் கூடத்தில் அக்கா கால் வைத்தால் முயல்கள் காதை நிமிர்த்தும். முதலாளியின் பனியன் கம்பெனியிலிருந்து வரும் வெட்டுத்துணியில் மெத்தென்று சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். ஊசி போடும்போது முயல் அசையாது. அந்தப் பேட்ச் மருந்தை முயல்களுக்குப் போட்டதும் அவர் மடியில் வைத்துத்தான்.

அவருக்கும் ஆடுகள் இருந்தன. மகளின் கல்யாணத்துக்கு என்று பெருக்கிக்கொண்டு வந்தவை. முதல் ஊசி போட்ட வாரத்தில் ஒரு நாள் முயல் கூடத்தில் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"கண்ணு, அந்த மருந்துல ஒரு பாட்டல் எடுத்துக் குடு."

"அக்கா, அது நல்லா இருக்குதான்னே தெரியாதுங்களே."

"நல்லா இல்லாட்டி என்னாகும்? ஆட்டுக்குக் கெடுதியா?"

"கெடுதியெல்லாம் இல்லீங்கக்கா. வேலை செய்யாது, அவ்வளவுதான்."

"அப்பப் போட்டுடறேன். வேலை செஞ்சா செய்யுது."

எனக்கு மறுக்கக் காரணம் தெரியவில்லை. சாரிடம் போய்க் கேட்டேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னோடு முயல் கூடத்துக்கு வந்தார்.

"அம்மா, ஊசி போட்டாச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"மேய உடுவேனுங்க."

"போடலன்னா?"

"பயந்துட்டுக் கட்டிப்போடுவேனுங்க."

"அதுக்குத்தான் குடுக்க மாட்டேங்குதேன். போட்டாச்சுன்னு நம்பிப் புதுப்புல்லுல விட்டுருவீங்க. மருந்து செத்த மருந்தா இருந்தா எல்லாம் போயிரும். கட்டிப்போடுங்க. பகல்ல பாக்க ஆள் இல்லன்னா மத்தியானத்துக்கு மேல வீட்டுக்குப் போங்க, முயல நான் பாத்துக்கிடுதேன்."

அக்கா தலையாட்டினார். அன்றிலிருந்து மதியத்துக்கு மேல் முயல்களுக்குத் தண்ணீர் வைத்தது தங்கையா சார்தான். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கூண்டு கூண்டாகப் போவார். முயல்கள் அவரைக் கண்டால் மூலைக்கு ஓடும்.

மழை அந்த வருஷம் ஐப்பசிக்குக் காத்திருக்கவில்லை. புரட்டாசியிலேயே கொட்டியது. வேலம்பாளையத்தில் எங்கள் வீதியில் முழங்கால் தண்ணீர். பஸ்ஸில் வரும்போது பார்த்தால், காய்ந்து கிடந்த காடெல்லாம் பச்சை. முதலாளியின் அறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எந்த ஊரில் எத்தனை ஆடு போனது என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை.

ராசம்மா அக்கா ஆடுகளைக் கட்டித்தான் போட்டிருந்தார். சோளத்தட்டு வாங்கி வைத்திருந்தார். ஆனால் பச்சை வாசனை காற்றில் வரும்போது ஆடு சும்மா இருக்குமா? விடிந்ததிலிருந்து கத்தியிருக்கின்றன. அக்கா காலையில் கம்பெனிக்கு வந்துவிட்ட பிறகு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், சத்தம் பொறுக்காமல், கொஞ்ச நேரம் மேயட்டும் என்று அவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள். பாவம் என்று நினைத்துத்தான் செய்தாள். அக்கா மதியம் வீட்டுக்குப் போனபோது ஆடுகள் வயிறு நிறைந்து பட்டிக்கே திரும்பி வந்திருந்தன. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதற்கு மறுநாள் முயல்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டிய நாள். அக்கா வரமாட்டார் என்றே நினைத்தோம். வந்தார். புடவைக் கரையில் செம்மண் ஒட்டியிருந்தது, குழி தோண்டிய மண். சார் அவரைப் பார்த்ததும் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"வீட்டுக்குப் போங்கம்மா. மல்லிகா பிடிச்சுக்கிடும்."

"வேண்டாமுங்க சார். புது ஆளு புடிச்சா மொசலு பயந்துக்குமுங்க."

ஒவ்வொரு முயலாக எடுத்துத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். காதைத் தடவிக் கொடுத்து, நரம்பு எழும்பியதும் சாரிடம் காட்டினார். சார் ரத்தம் எடுத்தார். குழாயை நான் வாங்கினேன். கடைசி முயலைக் கூண்டில் விட்ட பிறகுதான் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்ல சனம், இந்த மொசலுக" என்றார்.

அந்த ரத்தத்தைப் பரிசோதித்த நாட்களில் நான் முருகனிடம் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். மருந்து கெட்டது என்று வந்தால் சார் செய்தது சரி. நல்லது என்று வந்தால் இனிமேல் போடுகிற ஆடுகள் பிழைக்கும். இரண்டில் எதை வேண்டிக்கொண்டாலும் அக்காவுக்கு ஒன்றும் இல்லை.

மருந்து நல்ல மருந்து. முயல்களின் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி வேண்டியதற்கு மேலேயே இருந்தது. கழன்று வராத பாதி கெட்டுப்போகவில்லை. நாளான கூழில் இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான். சார் இரண்டு தடவை பார்த்தார். முதலாளியிடம் போய்ச் சொன்னார். லாரி அன்றைக்கே கிளம்பியது. பிறகு நேராக முயல் கூடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அம்மா, மருந்து நல்ல மருந்துதான்."

ராசம்மா அக்கா கூண்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். "அப்ப அன்னிக்கே போட்டிருக்கலாமுங்களா சார்?"

"போட்டிருக்கலாம்."

அவர் ஏதாவது சேர்த்துச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அன்றைக்குத் தெரியாதே, கெட்டதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இப்படி எதையாவது. அதையெல்லாம் எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா "தண்ணி வெக்கோணும்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் சாரும் நானும் ஒரு வேலையைத் தொடங்கினோம். புதிதாகச் செய்த மருந்தை வைத்துக்கொண்டு, அது வயதாக வயதாகச் சாதுவான சோப்பில் எவ்வளவு கழன்று வருகிறது என்று வாராவாரம் பார்த்தோம். குறைந்துகொண்டே வந்தது. மருந்து அதே வீரியத்தோடு இருக்கும்போதே குறைந்தது. அதனால், செய்த சூட்டோடு கழற்றிப் பார்த்துவிட வேண்டும், நாள் கடந்துவிட்டால் குறைந்த அளவை மட்டும் பார்த்து மருந்தை அனுப்பவும் கூடாது, கொட்டவும் கூடாது என்று முறையைத் திருத்தினோம். சாரை யாரும் போகச் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர், கண் சரியாகத் தெரியவில்லை, இனி வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டார். கண் உண்மையிலேயே தெரியவில்லையா என்பது எனக்குத் தெரியாது. அவர் மேஜையைத் துடைத்து வைத்தேன். பிறகு அது என் மேஜையாயிற்று.

சில வருஷங்கள் கழித்து அதே போல ஒரு பேட்ச் வந்தது. கொஞ்சம் நாளான மருந்து, அதே பாதி. உடனிருந்தவர்கள், "மேடம், இதுதான் நமக்குத் தெரியுமே, வயசான மருந்துல இப்படித்தான் வரும். அனுப்பிரலாமுங்க" என்றார்கள். நாங்கள் போட்ட கணக்கும் அதைத்தான் சொன்னது. இறுகியிருந்தால் பாதி வரும் என்று அந்தக் கணக்கு சொல்லும். பாதி வந்தால் இறுகியதுதான் என்று அது சொல்லாதே. நிறுத்தினேன். முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர் காரணம்கூடக் கேட்கவில்லை. "பண்ணுங்கம்மா" என்றார். அவருக்கும் வயதாகியிருந்தது.

முயல்களுக்குப் போட்டோம். இரண்டாவது ஊசிக்குப் பிறகும் ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. செத்த மருந்து. விசாரித்ததில், கரண்ட் இல்லாத ஒரு நாளில் ஜெனரேட்டரும் ஓடாமல் குளிர் அறை சூடாகிக் கிடந்திருக்கிறது. அங்கே இருந்தவர்கள் பயந்துகொண்டு எங்களிடம் சொல்லவில்லை. மருந்து முழுவதையும் கொதிக்கவைத்துக் கொட்டினோம். நல்லவேளை, அந்த வருஷம் மழை தாமதமாக வந்தது. அதற்குள் வேறொரு பேட்ச் தயாராகிவிட்டது. எந்த ஊரிலிருந்தும் போன் வரவில்லை. லேபில் அன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை. அடுத்த வேலை காத்துக்கொண்டிருந்தது.

நான் தங்கையா சாருக்குப் போன் செய்தேன். அவர் மகள் எடுத்தாள். அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது என்றாள். எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள். சும்மா விசாரிக்கத்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து மினி பஸ் பிடித்து ராசம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வேலையிலிருந்து நின்று ரொம்ப நாளாகிவிட்டது. மகளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். ஆடு மறுபடி வாங்கவில்லை. பட்டி இருந்த இடத்தில் பனியன் வேஸ்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுக்கிற வேலை. என்னைப் பார்த்ததும், "வா கண்ணு" என்று ஒரு மூட்டையை நகர்த்தி உட்காரச் சொன்னார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அதே பாதி வந்ததை, நான் நிறுத்தியதை, முயல் ரத்தத்தில் ஒன்றும் இல்லாததை, கொதிக்கவைத்துக் கொட்டியதை. சார் இறந்துபோனதையும் சொன்னேன். அக்கா துணியைப் பிரித்துக்கொண்டே கேட்டார். சார் இறந்ததைச் சொன்னபோது கை கொஞ்சம் நின்றது.

"அந்த மருந்தப் போட்டிருந்தா ஆடெல்லாம் போயிருக்குமா?"

"போயிருக்குமுங்கக்கா."

"எந்தூரு ஆடுக?"

"தெரியலீங்க. எங்கெங்கியோ போற மருந்து அது."

"அவிங்களுக்குத் தெரியுமா?"

"என்னதுங்கக்கா?"

"அவிங்க ஆடு சாகாம இருக்கறது."

"தெரியாதுங்க. எப்பிடித் தெரியும்?"

ராசம்மா அக்கா கையிலிருந்த துண்டுத்துணியை வெள்ளைக் குவியலில் போட்டார். அடுத்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார்.

"தெரியாமயே இருக்கட்டும் கண்ணு" என்றார். "காப்பி வெக்கறேன், குடிச்சுப் போட்டுப் போ."